கடவுளை நிரூபிக்க விடாத பக்தர்கள்

கடவுள் இருக்கிறார் என்பதை வெறும் தர்க்கத்தால் நிரூபிக்கவே முடியாது என்று வரிந்துகட்டிக்கொண்டு வாதாடியவர் யார் என்று நம் ஊரில் கேட்டால், பெரியார் என்றுதான் பதில் வரும். நான் ராமானுஜரைச் சொல்வேன். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து, ஸ்ரீரங்கம் கோயில் நிர்வாகத்தைச் சீர்செய்து, வைணவர்கள் உடையவர் என்று கொண்டாடுகிற அதே ராமானுஜர்தான்.

ஸ்ரீபாஷ்யத்தின் ஆரம்பத்திலேயே, பிரம்ம சூத்திரத்தின் மூன்றாவது சூத்திரத்துக்கான உரையில் இது வருகிறது. பிரம்மத்தை அறிவதற்குச் சாஸ்திரம் ஒன்றே வழி என்பதை அவர் அங்கே நிலைநாட்ட வேண்டும். குறுக்கே ஒரு கட்சி நிற்கிறது. சாஸ்திரம் எதற்கய்யா, யோசித்தாலே தெரிந்துவிடுமே என்கிறது அந்தக் கட்சி. பானை இருந்தால் குயவன் இருந்தாக வேண்டும். மலையும் கடலும் பானையைப் போலவே பாகங்கள் சேர்ந்து ஆனவை. ஆக, அவற்றையும் ஒருவன் செய்திருக்க வேண்டும். இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்தவன் எல்லாம் அறிந்தவனாகவும் எல்லாம் வல்லவனாகவும்தான் இருப்பான். நையாயிகர்கள் எனப்படும் தர்க்கவாதிகளின் கட்சி இது. எங்கள் பெரியப்பாவின் கட்சியும் இதுதான். “யாரும் பண்ணாம இம்புட்டும் எப்பிடிடா வந்துச்சு?” என்று அவர் கேட்டால் நாங்கள் எல்லோரும் திருதிருவென்று விழிப்போம்.

ராமானுஜர் விழிக்கவில்லை. மலையும் கடலும் செய்யப்பட்டவை என்றே வைத்துக்கொள்வோம் என்று ஆரம்பிக்கிறார். எல்லாம் ஒரே காலத்தில், ஒரே ஆளால் செய்யப்பட்டன என்பதற்கு என்ன ஆதாரம்? இந்த மலையை ஒருவர் ஒரு காலத்திலும் அந்தக் கடலை இன்னொருவர் இன்னொரு காலத்திலும் செய்திருக்கலாமே. புண்ணியத்தால் பெரும் ஆற்றல் பெற்ற ஜீவர்கள் உண்டு என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அவர்களில் சிலர் செய்திருந்தால் என்ன? சரி, குயவனைத்தானே உதாரணம் காட்டினீர்கள். நாம் கண்ட எந்தக் குயவனுக்கும் உடம்பு உண்டு, அறியாததும் முடியாததும் உண்டு. அந்த உதாரணத்தின் பின்னாலேயே நேர்மையாகப் போனால் கடைசியில் கிடைப்பவனும் அப்படிக் குறைகள் உள்ளவனாகத்தான் இருப்பான்.

இதற்கு மேல் ஒரு பிடி போடுகிறார் பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. உலகத்தைச் செய்தவனுக்கு உடம்பு உண்டா, இல்லையா? உடம்பில்லாமல் ஒன்றைச் செய்தவர் எவரையும் நாம் பார்த்ததில்லை. உடம்பு உண்டு என்றால், அது அழிவதா, அழியாததா? அழிவது என்றால் அந்த உடம்பைச் செய்தது யார் என்ற கேள்வி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அழியாதது என்றால், பாகங்களால் ஆன ஒன்று யாரும் செய்யாமலேயே என்றென்றும் இருக்க முடியும் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அப்படியானால் உலகமும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே, நடுவில் குயவன் எதற்கு?

ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ஹியூம் இதே திசையில் எழுதிய புத்தகம் அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து 1779-இல் வெளிவந்தது. ஒரு கப்பலைக் கட்டவும் ஒரு நகரத்தை எழுப்பவும் பல பேர் கூடுகிறார்களே, உலகத்தையும் ஏன் பல தெய்வங்கள் கூடிக் கட்டியிருக்கக் கூடாது என்று அதில் ஒரு பாத்திரம் கேட்கிறது. ஏதோ ஒரு குட்டித் தெய்வம் பழகுவதற்காகச் செய்து, திருத்தமாக வரவில்லை என்று போட்டுவிட்டுப் போன உலகமாக இது இருக்கலாம் என்கிற கிண்டலும் உண்டு. ஐரோப்பிய மெய்யியல் வரலாற்றில் இது பெரிய திருப்பம். அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்னால் காவிரிக்கரையில் ஒரு சந்நியாசி இதில் பாதியைச் சொல்லி முடித்திருந்தார்.

ஒரு வித்தியாசம் உண்டு. ஹியூமுக்குக் கோயிலும் வேண்டாம், குயவனும் வேண்டாம். ராமானுஜருக்குக் கோயில் வேண்டும். அதனால்தான் குயவனைத் துரத்துகிறார். பானையிலிருந்து யோசித்து யோசித்துக் கிடைப்பவன் பெரிய அளவிலான ஒரு குயவனாகத்தான் இருப்பான். நாராயணன் அவனல்ல என்பது அவர் கவலை. கண்ணால் கண்டவற்றை வைத்து ஊகிக்கக்கூடிய எதைப் போலவும் இல்லாதவன் அவன். ஊகத்தில் அகப்பட்டுவிட்டால் அவன் அவனில்லை. நாத்திகர் சொல்ல வேண்டியதை ஆத்திகர் சொல்கிறார், அதுவும் ஆத்திகத்தைக் காப்பாற்றுவதற்காக.

(அவர் சொல்லச்சொல்ல ஸ்ரீபாஷ்யத்தை ஏட்டில் எழுதியவர் கூரத்தாழ்வான். தனக்கு உடன்பாடில்லாத இடம் வந்தால் எழுத்தாணியை நிறுத்திவிடுவது என்று இருவருக்குள்ளும் ஓர் ஏற்பாடு இருந்ததாகக் குருபரம்பரைக் கதைகள் சொல்லும். ஓரிடத்தில் அவர் நிறுத்தியபோது ராமானுஜருக்குக் கோபம் வந்து, பிறகு யோசித்துப் பார்த்து சீடன் பக்கமே நியாயம் என்று ஏற்றுக்கொண்டாராம். மூன்றாம் சூத்திரத்தில் எழுத்தாணி நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.)

எதிர்க்கட்சியையும் லேசாக எடைபோட வேண்டாம். மிதிலையில் பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த உதயணர், நியாயகுசுமாஞ்சலி என்ற நூலைக் கடவுள் உண்டு என்று நிறுவுவதற்காகவே எழுதினார். அதன் கடைசிப் பகுதியில் ஒன்பது காரணங்கள் அடுக்கடுக்காக வரும். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. பூரி ஜகந்நாதரைப் பார்க்கப் போனாராம். கதவு சாத்தியிருந்தது. மனிதருக்கு வந்ததே கோபம்! உனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது; பௌத்தர்கள் வாதத்துக்கு வந்து நிற்கும்போது நீ இருப்பதும் இல்லாததும் என் கையில்தான் இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள் என்று கதவுக்கு வெளியே நின்று திட்டினாராம். கதை உண்மையோ இல்லையோ, தர்க்கத்தால் கடவுளைத் தாங்கிப்பிடிக்கிறவரின் மனநிலையை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

அந்தப் பௌத்தர்களில் பெரிய தலை, ஏழாம் நூற்றாண்டின் தர்மகீர்த்தி. உதயணருக்கு முன்னால் வாழ்ந்தவர். குயவன் வாதத்துக்கு அவர் வைத்த வெடி ஒரு கறையான் புற்று. பானை மண்ணால் ஆனது, அதற்கொரு வடிவம் இருக்கிறது. புற்றும் மண்ணால் ஆனது, அதற்கும் ஒரு வடிவம் இருக்கிறது. அதனால் புற்றையும் குயவன்தான் பிடித்துவைத்தான் என்பீர்களா? பானையைப் பார்த்ததும் குயவன் ஞாபகத்துக்கு வருவது, குயவர்கள் பானை செய்வதை நாம் ஏற்கெனவே பார்த்திருப்பதால். மலையில் புகையைப் பார்த்து நெருப்பு இருக்கிறது என்று சொல்ல முடிவதும், அடுக்களையில் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருப்பதால்தான். இந்த அடுக்களைப் பாடத்தை மணிமேகலையில் அறவண அடிகள் விவரமாகவே நடத்துகிறார். உலகம் செய்யப்படும்போது கூட நின்று பார்த்தவர் யார்? புற்று வாதத்தை எதிர்த்து நையாயிகர்கள் பின்னால் நிறைய எழுதினார்கள். அந்தக் காயம் முழுக்க ஆறியதாக எனக்குத் தோன்றவில்லை. தர்மகீர்த்தி தெய்வத்தை மறுக்க எடுத்த அதே புற்றுக்கு நம் ஊரில் மஞ்சள் பூசிப் பால் ஊற்றுகிறோம், திருவாரூரில் மூலவரே வன்மீகநாதர் என்பது தனி வேடிக்கை.

தமிழில் இந்த வாதத்தின் மிக இறுக்கமான வடிவம் சிவஞான போதத்தின் முதல் சூத்திரம். திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் எழுதியது. மொத்த நூலுமே 12 சூத்திரங்கள்தான், நாற்பது வரி. பக்தி நூல் என்று நினைத்துத் திறப்பவருக்கு முதல் சூத்திரத்திலேயே அதிர்ச்சி காத்திருக்கிறது. துதி இல்லை, உருக்கம் இல்லை, நேராக அனுமானம். உலகம் ஆண், பெண், இரண்டுமல்லாதது என்று பிரித்துச் சுட்டக்கூடிய பொருள்களின் தொகுதி. அந்தப் பொருள்கள் ஒவ்வொன்றும் தோன்றுகிறது, நிற்கிறது, அழிகிறது. எனவே தொகுதியும் அப்படியே. தானாக நடக்காத இதை நடத்த ஒருவன் வேண்டும்.

இதுவரை பழைய குயவன்தான். அடுத்த அடிதான் மெய்கண்டாரின் சொந்தச் சரக்கு. அந்த ஒருவன் யார்? படைப்பவன் என்று பிரம்மாவைச் சொல்லிவிடுவது சுலபம். அவர் தலைகீழாக யோசிக்கிறார். எல்லாம் ஒடுங்கிய பிறகு மிஞ்சி நிற்பவன் எவனோ, அவனிடமிருந்துதான் எல்லாம் மறுபடி தொடங்க முடியும். நடுவில் ஒடுங்கிப்போகிற எவனும் அடுத்த ஆட்டத்தைத் தொடங்க இருக்கமாட்டான். ஆகவே அழிப்பவனே முதல்வன். உலகெங்கும் முதற்காரணத்தைத் தேடிப் போனவர்கள் ஆரம்பத்தை நோக்கிப் பின்னால் நடந்தார்கள். இவர் முடிவை நோக்கி முன்னால் நடந்து அதே இடத்துக்கு வந்து சேர்கிறார். சைவ வைணவச் சண்டையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால், இது சுத்தமான தர்க்க அழகு.

ஓட்டை இல்லாமல் இல்லை. உறுப்புகள் ஒவ்வொன்றும் தோன்றி அழிவதால் முழுமையும் தோன்றி அழியும் என்ற தாவல்தான் பலவீனம். ஒவ்வொரு மனிதருக்கும் தாய் உண்டு. அதற்காக மனித குலத்துக்கே ஒரு தாய் இருக்க வேண்டுமா என்று 1948-இல் பி.பி.சி. வானொலி விவாதத்தில் பெர்ட்ரண்ட் ரஸல் கேட்டார். அந்த விவாதத்துக்குப் பிறகு வருகிறேன்.

இங்கிருந்து கடல் கடந்தால் நார்மண்டி. அங்கே பெக் என்ற ஊரின் மடத்தில் ஆன்செல்ம் என்று ஒரு துறவி. பின்னாளில், 1093-இல், கேன்டர்பரி பேராயர் ஆனவர். மடத்துச் சகோதரர்கள் அவரை நச்சரித்தார்கள்: வேத வாக்கியம் எதையும் துணைக்கு அழைக்காமல் அறிவை மட்டும் வைத்துக் கடவுளைப் பற்றி எழுதிக்கொடுங்கள் என்று. எழுதிக்கொடுத்தார். ஆனால் அதில் வாதங்கள் சங்கிலி சங்கிலியாக நீண்டு போனது அவருக்கே பிடிக்கவில்லை. வேறெதன் உதவியும் தேவைப்படாத ஒரே ஒரு வாதம் கிடைக்காதா என்று தேட ஆரம்பித்தார். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் போயிற்று, பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. ஒருவேளை சாத்தான்தான் இந்த எண்ணத்தை அனுப்பித் தன்னைப் பிரார்த்தனையிலிருந்து இழுக்கிறானோ என்றுகூட அஞ்சினார். ஓர் இரவு, மடத்து நள்ளிரவு வழிபாட்டின்போது, அது வந்தது.

உடனே மெழுகுப் பலகைகளில் எழுதி ஒரு சகோதரரிடம் பத்திரமாக வைக்கக் கொடுத்தார். சில நாள் கழித்துக் கேட்டால் காணோம். எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் முறை எழுதி வேறொருவரிடம் கொடுத்தார். அவர் அதைத் தன் படுக்கையில் மறைவாக வைத்திருந்தார். விடிந்து பார்த்தால் பலகை தரையில் உடைந்து, மெழுகு சிதறிக் கிடந்தது. துண்டுகளை ஒன்றுசேர்த்துத் தட்டுத்தடுமாறிப் படித்து, இனி வம்பே வேண்டாம் என்று தோல்தாளில் எழுதவைத்தார்கள். அவருடைய சீடர் ஈட்மர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இதெல்லாம் இருக்கிறது. 1078 வாக்கில் முடிந்த அந்த நூல்தான் புரோஸ்லோகியன்.

அப்படி என்ன வாதம்? கடவுள் என்றால் அதைவிடப் பெரிதாக எதையும் நினைக்கவே முடியாத ஒன்று. கடவுள் இல்லை என்கிறவரும் இந்த வரையறையைப் புரிந்துகொண்டுதான் இல்லை என்கிறார். ஆக அது அவர் மனதிலாவது இருக்கிறது. மனதில் மட்டும் இருந்து வெளியே இல்லை என்றால், மனதிலும் வெளியிலும் இருக்கிற ஒன்றை அதைவிடப் பெரிதாக நினைத்துவிடலாம். அதைவிடப் பெரிதாக நினைக்க முடியாததைவிடப் பெரிதாக ஒன்றை நினைத்துவிட்டோம்! முரண்பாடு. ஆகவே அது வெளியிலும் இருந்தே தீர வேண்டும்.

படித்ததும் ஏதோ மோசடி என்று தோன்றும். எந்த வரியில் மோசடி என்று விரல் வைக்கச் சொன்னால்தான் கஷ்டம். குயவன் இல்லை, பானை இல்லை, உலகம்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய நிரூபணம்.

முதலில் விரல் வைத்தவர் யார் தெரியுமா? இன்னொரு துறவி. தூர் நகரத்துப் பக்கம் மார்மூத்தியே மடத்தைச் சேர்ந்த கோனிலோ. ‘கடவுள் இல்லை’ என்று சொல்கிற மூடனின் சார்பாக வக்காலத்து வாங்கி எழுதினார். எல்லாத் தீவுகளையும்விட வளமான, தொலைந்துபோன ஒரு தீவு இருக்கிறதாம். கேட்டவுடன் எனக்குப் புரிகிறது. அதனால் அது என் மனதில் இருக்கிறது. வெளியில் இல்லாவிட்டால், நிஜத்தில் இருக்கிற ஏதாவதொரு சாதாரணத் தீவு அதைவிட மேலானதாகிவிடும். ஆகவே அந்தத் தீவு இருந்தே தீர வேண்டும். இப்படி ஒருவன் என்னிடம் சொன்னால் அவன் விளையாடுகிறானா, இல்லை நம்பி ஏமாந்த நான்தான் முட்டாளா என்று யோசிப்பேன் என்றார்.

ஆன்செல்ம் பதில் எழுதினார். தீவுக்கு என் வாதம் பொருந்தாது. இல்லாமல் போவதாக நினைக்கவே முடியாத ஒன்றுக்குத்தான் பொருந்தும் என்பது சாரம். பதில் எவ்வளவு தேறும் என்பதைவிட அவர் அதற்குப் பிறகு செய்தது பெரிது. இனி என் புத்தகத்தைப் படியெடுக்கிறவர்கள் கோனிலோவின் மறுப்பையும் என் பதிலையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். தன்னை அடித்த கட்டுரையைத் தன் புத்தகத்தின் பின்னாலேயே கட்டிவைக்கிற மனசு இன்றைய எழுத்தாளர்களில் எத்தனை பேருக்கு வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள், நான் பெயர் சொல்லப்போவதில்லை.

இருநூறு ஆண்டுகள் கழித்து தாமஸ் அக்குவினாஸும் ஆன்செல்மை ஏற்கவில்லை. கடவுள் என்னவென்றே நமக்கு முழுதாகத் தெரியாதபோது வரையறையிலிருந்து எப்படிக் கிளம்புவது என்று கேட்டுவிட்டு, உலகத்திலிருந்து தொடங்கும் ஐந்து வழிகளை வைத்தார். அவரே இன்னொன்றும் சொன்னார்: உலகத்துக்கு ஓர் ஆரம்பம் இருந்தது என்பதைத் தர்க்கத்தால் காட்ட முடியாது, அது விசுவாசத்தால் மட்டும் வருவது. கத்தோலிக்கத் திருச்சபையின் தலைசிறந்த தர்க்கவாதி தன் கட்சிக்கே எட்டாத இடம் எது என்று கோடு கிழித்துக் காட்டுகிறார்.

டேகார்த்தை விட்டுவிடுகிறேன். ஆன்செல்மின் சரக்கைத்தான் வேறு உறையில் போட்டு விற்றார். லைப்னிட்ஸ் அதைப் பழுதுபார்க்க முயன்றார். எல்லா நிறைவுகளும் ஒன்றாகச் சேர்ந்த ஒன்று முதலில் சாத்தியம்தானா என்று காட்ட வேண்டாமா என்பது அவர் கேள்வி. 1676-இல் ஹேக் நகரில் ஸ்பினோசாவைச் சந்தித்தபோது அவர் முதலில் மறுத்துப் பேசவே, லைப்னிட்ஸ் வாதத்தைத் தாளில் எழுதி அவருக்கே படித்துக்காட்டினார்.

பிறகு கான்ட். பலருக்கும் தெரிந்தது 1781-இல் அவர் சொன்ன நூறு தாலர் உதாரணம். மனதில் நினைத்த நூறு தாலருக்கும் கையிலிருக்கும் நூறு தாலருக்கும் கருத்தளவில் ஒரு காசு வித்தியாசம் கிடையாது. இருப்பது என்பது ஒரு பொருளின் குணங்களோடு கூட்டிக்கொள்ளும் இன்னொரு குணமில்லை. ‘இருக்கிறது’ என்று சேர்ப்பதால் அந்தப் பொருள் பெரிதாகிவிடாது. ஆன்செல்மின் கணக்கு இந்த இடத்தில்தான் உதைக்கிறது என்பது கான்ட்டின் தீர்ப்பு. பலருக்கும் தெரியாதது, இதே கான்ட் 1763-இல் கடவுளின் இருப்பை நிரூபிக்கச் சாத்தியமான ஒரே ஆதாரம் இதுதான் என்று தலைப்பு வைத்துத் தனிப் புத்தகமே போட்டிருந்தார் என்பது. அறிவின் எல்லையைச் சுருக்கியது நம்பிக்கைக்கு இடம் பண்ணிக்கொடுக்கத்தான் என்று பின்னர் அவரே சொன்னார். கவிஞர் ஹைனே இதைக் கேலி செய்தார்: கான்ட் கடவுளைக் கொன்றுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கிழட்டு வேலைக்காரன் லாம்பே குடையோடு அழுதுகொண்டு நிற்கிறான், பாவம், இவனுக்கொரு கடவுள் வேண்டுமே என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். நல்ல நகைச்சுவை. ஆனால் தப்பான வாசிப்பு. கான்ட்டும் ராமானுஜரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள், வெவ்வேறு ஊர்களில். வீட்டைக் காப்பாற்ற, வீட்டுக்கு முட்டுக்கொடுத்திருந்த உளுத்த தூணைத் தாங்களே தட்டிவிட்டார்கள்.

நம்பாதவர்கள் பக்கம் நடந்ததோ இன்னும் வேடிக்கை. 1894-இல் கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த ரஸல் புகையிலை வாங்கப் போனார். திரும்பி டிரினிட்டி சந்தில் வரும்போது ஆன்செல்மின் வாதம் சரிதான் என்று திடீரென்று பட்டிருக்கிறது. கையிலிருந்த புகையிலை டப்பாவை மேலே வீசிப் பிடித்துக் கத்தினாராம். தன் சுயசரிதையில் அவரே எழுதியது. பிறகு கிறித்தவத்துக்கு எதிராக உலகமே அறியப் பேசிய மனிதர், கொஞ்ச காலமாவது இந்த வாதத்தில் விழுந்துகிடந்தார். இது தவறாகத்தான் இருக்கும் என்று உணர்வது எளிது, தவறு எங்கே என்று காட்டுவது கடினம் என்ற பொருளில் வயதான பிறகும் எழுதினார்.

இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் தர்க்க அறிஞர் என்று கர்ட் கோடலைச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அவர் காகிதங்களில் 1970 பிப்ரவரி தேதியிட்ட ஒரு சின்னக் குறிப்பு இருந்தது. ஆன்செல்ம் வாதத்தின் லைப்னிட்ஸ் வடிவத்தைக் குறியீட்டுத் தர்க்கத்தில் எழுதிய நிரூபணம். டானா ஸ்காட் என்ற தர்க்க அறிஞரிடம் காட்டினார். அச்சிட மட்டும் விடவில்லை. வெளியிட்டால் நான் கடவுளை நம்புவதாக ஊரார் நினைத்துவிடுவார்கள், நான் செய்தது தர்க்க ஆராய்ச்சிதான் என்று நண்பர் மார்கன்ஸ்டெர்னிடம் சொன்னதாகப் பதிவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் படுக்கையிலேயே பைபிள் வாசிப்பார் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார், அது வேறு விஷயம். அவர் 1978-இல் இறந்தார். குறிப்பு 1987-இல்தான் அச்சேறியது.

2013-இல் பென்ஸ்முல்லர், பாலியோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணினிக்குக் கொடுத்துச் சரிபார்த்தார்கள். ‘கணினி கடவுளை நிரூபித்தது’ என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. கணினி உண்மையில் சொன்னது: இந்த அடிப்படைகளை ஒப்புக்கொண்டால் இந்த முடிவு வந்தே தீரும். அவ்வளவுதான். ஸ்காட் லேசாகத் திருத்தி எழுதிய வடிவம் தேறியது. கோடல் தன் கையால் எழுதிவைத்த வடிவத்தில் அடிப்படைகளே ஒன்றோடொன்று முரண்படுவதாக அதே கணினி கண்டுபிடித்தது. அதுவரை எந்த மனிதக் கண்ணுக்கும் அது படவில்லை. ஜோர்டன் சோபல் என்ற தத்துவப் பேராசிரியர் 1987-லேயே இன்னொரு வில்லங்கத்தைக் காட்டியிருந்தார். கோடலின் அடிப்படைகளை ஏற்றால், உலகத்தில் உண்மையாக இருப்பது எல்லாமே இருந்தே தீர வேண்டிய உண்மையாகிவிடும். இன்று காலை நான் தோசைக்குப் பதில் இட்லி சாப்பிட்டதுகூட வேறு மாதிரி நடந்திருக்கவே முடியாது. கடவுள் கிடைக்கிறார், ஆனால் அவருக்கே தேர்ந்தெடுக்க எதுவும் மிஞ்சவில்லை.

எனக்கு ஓட்டுரிமை இருந்தால் இவர்கள் யாருக்கும் போடமாட்டேன். என் ஓட்டு இப்னு சீனாவுக்கு. புகாரா பக்கத்தில் 980-இல் பிறந்து 1037-இல் ஹமதானில் இறந்த மருத்துவர். அவர் வாதத்துக்குக் காலத்தில் ஓர் ஆரம்பம் தேவையே இல்லை. உலகம் அநாதியாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு பொருள் இல்லாமலும் போயிருக்கலாம் என்றால், அது இருப்பதற்குத் தனக்கு வெளியே ஒரு காரணம் வேண்டும். இப்படி இல்லாமலும் போயிருக்கக்கூடிய பொருள்களை எல்லாம், அவை எண்ணற்றவையாக இருந்தாலும், ஒரே மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மொத்தம் தானாகவே இருந்தே தீர வேண்டியதா? உறுப்புகளை நம்பி நிற்பது எப்படி அப்படி இருக்கும்? எனவே அதற்கும் ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் மொத்தத்துக்கு வெளியேதான் இருக்க முடியும். வெளியே இருப்பது என்றால், இல்லாமல் போக முடியாதது.

ரஸலின் தாய் கேள்வி இங்கே அவ்வளவு சுலபமாகக் கடிக்காது. உறுப்புகளுக்குத் தாய் உண்டு, ஆகவே குலத்துக்கும் தாய் உண்டு என்று இப்னு சீனா தாவவில்லை. மொத்தம் தன் காலில் நிற்கிறதா என்று தனியாக நிறுத்திக் கேட்கிறார். 1948 விவாதத்தில் ரஸலுக்கு எதிரே உட்கார்ந்திருந்த கோப்பிள்ஸ்டன் என்ற யேசு சபைப் பாதிரியார் பிடித்துக்கொண்டதும் இதே குடும்பத்து வாதத்தைத்தான். உலகம் இருக்கிறது, அவ்வளவுதான், அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை என்றார் ரஸல். சதுரங்கப் பலகை முன்னால் உட்காரவே மறுப்பவரைத் தோற்கடிக்க முடியாது என்ற தோரணையில் பாதிரியார் பதில் சொன்னார். அந்த இடத்தில் நான் பாதிரியார் கட்சி. ஏன் எதுவுமே இல்லாமல் போகவில்லை என்ற கேள்வியை அர்த்தமற்றது என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பதில் கிடைக்காமல் போகலாம், அது வேறு.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். இல்லாமல் போக முடியாத அந்த ஒன்று மாறாதது என்றால், நொடிக்கு நொடி மாறுகிற நம் விவகாரங்களை அது எப்படி அறியும்? பொது விதிகளின் வழியாக அறியும் என்றார் இப்னு சீனா. கிரகணத்தை வானியல் கணக்கர் அறிவதைப் போல: கோள்கள் இப்படிச் சுற்றினால் இன்ன கிரகணம் விழும் என்ற கணக்கு எப்போதும் ஒன்றுதான், கிரகணம் பிடிக்கும்போதும் விட்ட பிறகும் அது மாறுவதில்லை. இமாம் கசாலிக்கு இது பொறுக்கவில்லை. 1095-இல் எழுதிய தஹாஃபுத் என்ற நூலில் தத்துவவாதிகளின் இருபது கருத்துகளை மறுத்தவர், அவற்றில் மூன்றை மட்டும் மார்க்கத்தையே விட்டு வெளியேற்றக்கூடியவை என்றார். அதில் இது ஒன்று. விதிகளை மட்டும் அறிகிற ஒன்றிடம் யார் கையேந்துவது?

இப்னு சீனா அதோடு விட்டுவிடவில்லை. இருந்தே தீர வேண்டியது ஒன்றுதான் இருக்க முடியும், அதற்குப் பாகங்கள் இருக்க முடியாது, அது அறிவு வடிவானது, அது நன்மை என்று ஒவ்வொரு படியாக ஏறிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஒன்றுதான் என்பது வரை அவரோடு என்னால் போக முடிகிறது. அறிவு என்ற இடத்தில் தயக்கம். நன்மை என்பதற்கு அவர் சொல்லும் காரணத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன், ஒட்டவில்லை. யாருக்காவது அது பிடிபட்டிருந்தால் எழுதுங்கள். வேத வாக்கியம் எதுவும் வேண்டாம், ஆன்செல்மின் மடத்துச் சகோதரர்கள் போட்ட அதே நிபந்தனைதான்.